வயசானவர் ஓட்டினா ஆபத்தா? ஸ்டியரிங்ல திடீர்னு மயக்கம் வந்தா என்ன செய்யணும்?

#1 ரதவீதி

நம்ம திருநெல்வேலி மாவட்டத்துல எந்த விபத்து வீடியோ வந்தாலும் கீழே ஒரே மாதிரி எழுதுறாங்க. "பெருசு ஓட்டுச்சா?", "அறுபது தாண்டினா லைசென்ஸைப் புடுங்கணும்", "அட்டாக்கா இருக்கும்". ஓட்டினவருக்கு வயசு 45ன்னு மறுநாள் தெரிஞ்சாலும் அந்தக் கமென்ட் அப்படியேதான் நிக்குது.

ரெண்டு விஷயம் தெளிவாகணும். ஓட்டிக்கிட்டு இருக்கும்போது உடம்புக்கு முடியாமப் போறது நெசமாவே வயசானவங்க பிரச்சினையா? அப்படி ஆயிட்டா ஓட்டுறவரும் பக்கத்துல இருக்கிறவரும் அந்த நிமிஷம் என்ன செய்யணும்? விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க. சொந்தக் கதை வேண்டாம், செய்முறை வேணும்.

#2 ஹைகிரவுண்ட்

முதல்ல எண்ணிக்கை. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2009-ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. 2005 முதல் 2007 வரை சம்பவ இடத்துக்கே போய் விசாரிச்ச விபத்துகளை எடுத்துக்கிட்டாங்க. ஓட்டுநருக்கு உடம்பு முடியாமப் போனதால நடந்தவை 1.3 சதவீதம். அந்தச் சின்னப் பங்கைப் பிரிச்சுப் பார்த்தா வலிப்பு 35 சதவீதம், திடீர் நினைவிழப்பு 29, சர்க்கரை நோய் சார்ந்தவை 20, மாரடைப்பு 11, பக்கவாதம் 3. எல்லாரும் முதல்ல சொல்ற "அட்டாக்" நாலாவது இடத்துலதான் இருக்கு. வலிப்பும் சுகர் இறங்குறதும் முப்பது வயசுலயும் வரும்.

மாரடைப்பை மட்டும் எடுத்தாலும் நம்ம ஆளுங்களுக்கு அது கிழவங்க நோய் இல்ல. 52 நாட்டுல நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வுல தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியா 53 வயசுல வந்திருந்தது. மத்த நாட்டவங்களுக்கு அது கிட்டத்தட்ட 59. அம்பத்து மூணு வயசுன்னா லாரி, பஸ், ஸ்கூல் வேன் ஓட்டுற வயசு. பிள்ளைகளை ஏத்திக்கிட்டுப் போறவரோட வயசு.

அதனால "எத்தனை வயசு?"ன்னு கேக்கிறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது மூணு. இதுக்கு முன்னாடி எப்பவாவது மயங்கி விழுந்திருக்காரா? என்ன மாத்திரை சாப்பிடுறார்? கடைசியா எப்ப சாப்பாடு?

முதல் கேள்வியைக் கொஞ்சம் விரிக்கிறேன், அதுலதான் உயிர் இருக்கு. மயக்கத்துல ரகம் இருக்கு. வெயில்ல ரொம்ப நேரம் நின்னு, தண்ணி குடிக்காம, ரத்தத்தைப் பார்த்து வர்ற மயக்கம் பெரும்பாலும் சொல்லிட்டு வரும். வேர்க்கும், குமட்டும், கொட்டாவி வரும், கண் ஓரத்துல இருந்து இருட்டிக்கிட்டு வரும். சில நொடியாவது கிடைக்கும், ஓரம் கட்டிரலாம். படுக்கையில இருந்து சட்டுனு எழுந்து நிக்கும்போது வர்றது ரத்த அழுத்தம் இறங்குறதால. பிரஷர் மாத்திரை, புராஸ்டேட்டுக்குக் கொடுக்கிற டாம்சுலோசின் எடுக்கிறவங்களுக்கு அது சகஜம்.

ஆனா உட்கார்ந்த நிலையில, எந்த முன்னறிவிப்பும் இல்லாம மயங்கினார்னா அது வேற சங்கதி. இதயத் துடிப்புல கோளாறு இருக்கலாம், இதயத்துக்குள்ள ஓடுற மின் தூண்டல் தடைபட்டிருக்கலாம். அவர் 40 ஆனாலும் 80 ஆனாலும் இசிஜி எடுத்து, இதய நிபுணரைப் பார்த்து, அவர் சரின்னு சொல்ற வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. "வெயிலு, பித்தம்"னு விட்டுடறதுதான் ஆபத்து.

இன்னொண்ணு இருக்கு, பலருக்குத் தெரியாது. விடாம இருமி, இருமலோட உச்சத்துல ரெண்டு மூணு நொடி நினைவு தப்புறது. நடுவயசு ஆம்பளைங்க, பீடி சிகரெட் பழக்கம், கொஞ்சம் பருமன், நாள்பட்ட சளி. இவங்கதான் இதுல அதிகம். 80 கிலோமீட்டர் வேகத்துல மூணு நொடின்னா வண்டி 66 மீட்டர் போயிருக்கும்.

#3 வி.கே.புரத்தான்

டாக்டர் சொல்றது சரி, ஆனா பாதிதான் சொல்லுதீக. அதே அமெரிக்க அறிக்கையில வயசானவங்க மோதின விபத்துகள்ல மருத்துவக் காரணத்தோட பங்கு மத்த வயசுக்காரங்களை விடக் கூடுதல்னும் இருக்கு. அதை ஏன் விட்டீக? 2003-ல் அமெரிக்காவுல சான்டா மோனிகா சந்தைக்குள்ள 86 வயசுக்காரர் காரை விட்டு 10 பேர் செத்தாக. 2019-ல் டோக்கியோ இகெபுகுரோவுல 87 வயசுக்காரர் ஓட்டின கார்ல அடிபட்டு ஒரு தாயும் மூணு வயசுப் பிள்ளையும் போயிட்டாக. இதையெல்லாம் மறைச்சா எப்படி?

#4 ஹைகிரவுண்ட்

மறைக்கல அண்ணாச்சி. நீங்க சொன்ன அந்த வரி அறிக்கையில இருக்கு, ஒத்துக்கிறேன். சர்க்கரை, இதயநோய், பக்கவாதம் எல்லாம் வயசாக ஆகக் கூடும். அதனால பங்கும் கூடும்.

ஆனா நீங்க காட்டின ரெண்டு சம்பவமும் மருத்துவ அவசரமே இல்ல. ரெண்டுலயும் விசாரணை கடைசில வந்து நின்னது ஒரே இடத்துல: பிரேக்குன்னு நினைச்சு ஆக்சிலேட்டரை மிதிச்சது. ரெண்டு ஓட்டுநருக்கும் நினைவு நல்லா இருந்தது. இது பெடல் பிரச்சினை, இதுக்கு வைத்தியம் வேற. ரெண்டையும் ஒரே சாக்குல போட்டு "பெருசு, அட்டாக்"னு எழுதினா பெடல் பிழையும் திருந்தாது, மயங்கி விழுற 48 வயசுக்காரரும் கண்ணுல பட மாட்டார்.

மயக்கத்துக்கு உதாரணம் வேணும்னா 2014 டிசம்பர், கிளாஸ்கோ குப்பை லாரி விபத்து. ஆறு பேர் செத்தாங்க. ஓட்டுநர் ஐம்பதுகள்ல இருந்தவர். 2010-லயே, நின்னுட்டிருந்த பஸ்ஸோட டிரைவர் சீட்ல உட்கார்ந்தபடியே மயங்கியிருக்கார். அதைப் பிறகு சேர்ந்த வேலையிலயும் லைசென்ஸ் விண்ணப்பத்துலயும் சொல்லல. வயசு பார்த்து வடிகட்டியிருந்தா அவர் தப்பிச்சுப் போயிருப்பார். "மயங்கியிருக்கீங்களா?"ங்கிற கேள்விக்கு உண்மையான பதில் கிடைச்சிருந்தாத்தான் பிடிபட்டிருப்பார்.

#5 கியர்பெட்டி

பெடல் சங்கதிய நான் சொல்லுதேன்.

பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலேட்டர மிதிக்கது பெரும்பாலும் ஓட்டுத வேகத்துல நடக்காது. பார்க்கிங்ல, வீட்டு வாசல்ல, ரிவர்ஸ் எடுக்கும்போதுதான். காரணம் இடுப்பு. பின்னாடி பாக்க உடம்பைத் திருப்பும்போது வலது காலும் சேர்ந்து வலப்பக்கம் நகந்துரும். பிரேக்கு இருக்க வேண்டிய இடத்துல ஆக்சிலேட்டர் வந்து நிக்கும். வண்டி பாயும். "பிரேக்கு பிடிக்கலையே"ன்னு இன்னும் ஓங்கி மிதிப்பாக. அது ஆக்சிலேட்டருன்னு மூளை அப்பம் நம்பாது.

சர்க்கரை நாள்பட்டவங்களுக்குப் பாதம் மரத்திருக்கும், எந்தப் பெடல்ல கால் இருக்குன்னு உணர்ச்சியே தெரியாது. அதோட பின்னாடி பிடிப்பு இல்லாத வார் செருப்பு. செருப்பு முனை பெடலுக்கு அடியில போய்ச் செருகிக்கும். பின்னாடி வார் உள்ள, அடிப்பாகம் மெல்லிசான செருப்போ ஷூவோ போட்டு ஓட்டணும். டிரைவர் பக்கத்துல தரையில விரிக்க மிதியடி மேல இன்னொரு மிதியடி போடவே கூடாது. ஒரே மிதியடி, அதுவும் கொக்கில மாட்டி இருக்கணும்.

சீட்டு: கிளட்ச முழுக்க மிதிச்சாலும் முழங்கால் லேசா மடங்கியே இருக்கணும். நெஞ்சுக்கும் ஸ்டியரிங் நடுப்பகுதிக்கும் 25 சென்டிமீட்டராவது இடைவெளி வேணும், ஏர்பேக் விரியதுக்கு. குதிகாலை பிரேக்குக்கு நேரா தரையில ஊனி, முன்பாதத்தை மட்டும் ஆக்சிலேட்டருக்குத் திருப்பிப் பழகணும். கால முழுசாத் தூக்கி வைக்கவங்கதான் பெடல் மாறி மிதிக்காக.

முப்பது வருசம் கியர் வண்டி ஓட்டிட்டு அறுபதுக்கு மேல பிள்ளைக ஆட்டோமேட்டிக் வாங்கிக் குடுத்தா, ஒரு மாசம் காலி மைதானத்துல ஓட்டிப் பழகின பொறவுதான் டவுனுக்குள்ள வரணும். அதுல பிரேக்க விட்டாலே வண்டி தானா நகரும். அந்தப் பதட்டத்துல, இல்லாத கிளட்ச இடது கால் தேடிப் போய்ப் பிரேக்க ஓங்கி அடிக்கும். ரிவர்ஸ் எடுக்கும்போது கால் பிரேக்கு மேலேயே இருக்கட்டும். சமதரையில வண்டி நகர பிரேக்க லேசாத் தளர்த்தினாலே போதும், ஆக்சிலேட்டர் தேவையே இல்ல.

#6 ரதவீதி

சுகர் இறங்குறதைப் பத்தி யாராவது விவரமா எழுதுங்க. கார்ல அல்வா இருந்தா ஒரு துண்டு வாயில போட்டுக்கிட்டா சரியாயிடும்னு ஊர்ல பரவலா நம்புறாங்க. சரியா?

#7 மருந்துச்சீட்டு

அல்வா வேண்டாம். அதுல இருக்கிற நெய் வயித்துல இருந்து சர்க்கரை கீழே இறங்குறதைத் தாமதப்படுத்தும். சாக்லேட், பாதுஷா, கேக் எல்லாத்துக்கும் இதே கதைதான். சுகர் இறங்கினவங்களுக்குத் தேவை கொழுப்பு இல்லாத சுத்தமான சர்க்கரை, அதுவும் நிமிஷக் கணக்குல.

யாருக்கு இறங்கும்? மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கிறவங்களுக்கு அபூர்வம். இன்சுலின் போடுறவங்களுக்கும் கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு எடுக்கிறவங்களுக்கும்தான் ஆபத்து. இதுல கிளிபென்கிளமைடு உடம்புல நீண்ட நேரம் நிக்கும். வயசாகி சிறுநீரக வேலை குறைஞ்சவங்களுக்கு அது தங்கித் தங்கி இறக்கும். ஓட்டுற பழக்கம் இருக்கிறவங்க இதை மாத்தலாமான்னு டாக்டரைக் கட்டாயம் கேக்கணும். அட்டையைத் திருப்பி, அடிப்படை மருந்துப் பேரைப் படிங்க. கம்பெனிப் பேரை வெச்சு ஒண்ணும் தெரியாது.

இப்ப முக்கியமான இடம். நம்ம பக்கம் நிறைய பேருக்கு எழுதுற மாத்திரையில கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூணும் சேர்ந்து இருக்கும். வோக்லிபோஸோட வேலையே குடல்ல சீனியை உடைய விடாமத் தடுக்கிறது. அதனால அந்த மாத்திரை எடுக்கிறவருக்கு சுகர் இறங்கினா சீனி, கருப்பட்டி, மிட்டாய், டீக்கடை டீ எதுவும் சட்டுனு வேலை செய்யாது. நேரடி குளுக்கோஸ் பவுடர்தான் வேணும். அகார்போஸுக்கும் இதே விதி.

அளவு: 15 கிராம். டீஸ்பூன்ல மூணு நிறைய. அரை டம்ளர் தண்ணியில கலக்கிக் குடிச்சுட்டு 15 நிமிஷம் காத்திருந்து சுகர் பாக்கணும். 70-க்குக் கீழேயே இருந்தா இன்னொரு 15 கிராம். ஏறின பிறகு ரெண்டு பிஸ்கட்டோ ஒரு வாழைப்பழமோ சாப்பிடணும், இல்லன்னா மறுபடி இறங்கும். 15 கிராம் வீதம் நாலு பொட்டலமா மடிச்சு, ஓட்டுறவர் கைக்கு எட்டுற கதவுப் பையில வைங்க. டிக்கியில வெச்ச குளுக்கோஸால பிரயோஜனம் இல்ல.

சுகர் ஏறினதும் உடனே சாவியைத் திருப்பக் கூடாது. பிரிட்டன்ல இன்சுலின் போடுற ஓட்டுநர்களுக்கு உள்ள விதி நல்ல விதி: கிளம்பும்போது 90-க்கு மேல இருக்கணும், நீண்ட பயணத்துல ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாக்கணும், இறங்கி ஏறினா சுகர் சரியான பிறகும் 45 நிமிஷம் ஓட்டக் கூடாது. ரத்தத்துல சர்க்கரை ஏறின அளவு வேகமா மூளை தெளியாது, அதுக்குத்தான் அந்த 45 நிமிஷம்.

இன்னொரு எச்சரிக்கை. அட்டெனலால், மெட்டோபுரோலால், புரோப்ரனலால் மாதிரி பிரஷர், இதய மாத்திரை சேர்த்து எடுக்கிறவங்களுக்கு கை நடுக்கமும் படபடப்பும் தெரியாது. வேர்வை மட்டும் வரும். ஏசி கார்ல காரணமில்லாம வேர்த்தா ஓரம் கட்டிட்டு சுகர் பாருங்க. சுகர் சரியா இருந்து வேர்வை நிக்கலன்னா நெஞ்சுதான், 108 கூப்பிடுங்க. பக்கத்துல இருக்கிறவங்களுக்கு: ஓட்டுறவர் திடீர்னு எரிஞ்சு விழுறார், தெரிஞ்ச திருப்பத்தைத் தாண்டிப் போறார், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாமப் பேசுறார்னா அது கோபம்னு விட்டுடாதீங்க. சுகர் இறங்கும்போது முதல்ல போறது முடிவெடுக்கிற புத்திதான். "நான் நல்லாத்தான் இருக்கேன்"னு அவர் சொல்றதை அந்த நேரம் நம்பக் கூடாது.

நினைவு தப்பிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க. மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்.

#8 மேலப்பாளையம் ரவுண்டானா

கண்ணுக்கு ஒரு வரி சேர்த்துக்கிறேன். கண் ஆஸ்பத்திரியில கண் பாப்பா விரிய சொட்டு மருந்து விட்டா அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் ஓட்டக் கூடாது, வெளிச்சம் கூசும், பக்கத்துல இருக்கிறது மங்கும். புரை ஆரம்பிச்சவங்களுக்குப் பகல்ல பார்வை நல்லா இருக்கும். ராத்திரி நாலுவழிச்சாலையில எதிர் வண்டி ஹைபீம் அடிச்சா எல்லாம் வெள்ளையாயிடும். பகல் பரிசோதனையில தேறினவர் ராத்திரிக்கும் தேறினார்னு அர்த்தம் இல்ல.

#9 படிவம்1ஏ

சட்டம் என்ன சொல்லுதுன்னு பாத்துருவோம். "அறுபதுக்கு மேல புடுங்கணும்"னு எழுதுறவங்க ஏற்கனவே இருக்கிற விதியைப் பாக்கல.

2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 14-ஆவது பிரிவுப்படி சொந்த வண்டி லைசென்ஸ்: 30 வயசுக்குள்ள எடுத்தா 40 வயசு வரை, 30-இல் இருந்து 50-க்குள்ள எடுத்தா பத்து வருசம், 50-இல் இருந்து 55-க்குள்ள எடுத்தா 60 வயசு வரை, 55-க்கு மேல எடுத்தா அஞ்சு வருசம். மேல் வயசு வரம்புன்னு எதுவும் இல்ல. முடியுற தேதிக்கு ஒரு வருசம் முன்னாடியே புதுப்பிக்கலாம். முடிஞ்சு ஒரு வருசம் தாண்டினா மறுபடி ஓட்டிக் காட்டணும்.

40 வயசு தாண்டினவங்களுக்கும் வாடகை வண்டி ஓட்டுறவங்களுக்கும் டாக்டர் கையெழுத்து போட்ட படிவம் 1ஏ வேணும். அதுல கேக்கிறது பார்வைக் குறை, சிவப்பு பச்சை நிறம் பிரிச்சுத் தெரியுதா, 25 மீட்டர் தூரத்துல நம்பர் பிளேட் தெரியுதா, காது, மாலைக்கண், கை கால் குறை. இசிஜி கேக்கல, சுகர் ரிப்போர்ட் கேக்கல. "வலிப்போ திடீர் மயக்கமோ தலைசுற்றலோ உண்டா?"ங்கிற கேள்வி இருக்கிறது படிவம் 1-ல். அது விண்ணப்பிக்கிறவர் தானே சொல்ற உறுதிமொழி. புரோக்கர் எல்லா வரியிலயும் "இல்லை" போட்டுக் கொடுத்துடுவார், இவர் படிச்சுக்கூடப் பாக்க மாட்டார். ஓட்டை அங்கேதான் இருக்கு. டி.என். 72 ஆனாலும் தென்காசி டி.என். 76 ஆனாலும் இதே படிவம்தான்.

அந்த உறுதிமொழி விளையாட்டு இல்ல. ஆபத்து விளைவிக்கக்கூடிய நோய் தனக்கு இருக்குன்னு தெரிஞ்சே ஓட்டினா 186-ஆவது பிரிவுல முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்த தடவை 2,000 ரூபாய் அபராதம். 16-ஆவது பிரிவுப்படி நோய்க் காரணத்துக்காக லைசென்ஸை ரத்து பண்ணவும் அதிகாரம் இருக்கு. உயிர்ச்சேதம் ஆயிட்டா, "திடீர்னு மயங்கிட்டார்"ங்கிற வாதம், முன்னாடி மயங்கினது ஆஸ்பத்திரி சீட்டுல இருந்தா அங்கேயே பலவீனமாயிடும். பாதிக்கப்பட்டவங்களுக்கு: 164-ஆவது பிரிவுல யார் மேல தப்புன்னு நிரூபிக்காமலே உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் கேக்க வழி இருக்கு.

#10 வி.கே.புரத்தான்

அட்டாக், ஸ்டென்ட், பக்கவாதம் வந்தவுக எத்தனை நாள் கழிச்சு ஓட்டலாம்? நம்ம சட்டத்துல கணக்கு உண்டா?

#11 ஹைகிரவுண்ட்

நாள் கணக்கு எழுதின அட்டவணை நம்ம சட்டத்துல இல்ல. நாங்க பெரும்பாலும் பிரிட்டிஷ் விதியை ஒட்டித்தான் பேசுறோம். ஸ்டென்ட் வெச்சு நல்லபடியா முடிஞ்சு, இதயத்தோட பம்ப் சக்தியும் சரியா இருந்தா கார் ஓட்ட ஒரு வாரம். ஸ்டென்ட் இல்லாத மாரடைப்புக்கு நாலு வாரம். பஸ், லாரி ஓட்டுறவங்களுக்கு குறைஞ்சது ஆறு வாரம், அதோட டிரெட்மில்ல நடைப் பரிசோதனை. பக்கவாதமோ, வந்து தானா சரியான சின்னப் பக்கவாதமோ இருந்தா ஒரு மாசம், அதுக்குப் பிறகும் பார்வைப் பரப்பைச் சோதிச்சுட்டுத்தான். ஒரு பக்கம் பார்வை போனது நோயாளிக்கே தெரியாது. காரோட இடது பக்கமா கீறல் விழுந்துக்கிட்டே இருக்கும். வலிப்புக்கு அங்க காருக்கு ஒரு வருசம் வலிப்பில்லாம இருக்கணும். லாரிக்கு மருந்தே இல்லாம பத்து வருசம்.

#12 நடத்துநர்

பஸ் விஷயம் ஒருத்தரும் தொடல. அறுபது பேர் உள்ள இருக்கிற வண்டி.

காத்து பிரேக் வண்டியில ஹேண்ட் பிரேக்குங்கிறது ஒரு வால்வு. அதைத் திருப்பினா காத்து வெளியேறி, உள்ள இருக்கிற ஸ்பிரிங்கு பின் சக்கரத்தைப் பிடிச்சுக்கும். எஞ்சின் ஓடினாலும் நின்னாலும் பிடிக்கும். டிரைவர் சாய்ஞ்சா கண்டக்டரோ முன் சீட்டுப் பயணியோ எட்டிப் பிடிக்க வேண்டியது இதைத்தான். ஒரே இழுவையா இழுத்தா பின் சக்கரம் பூட்டிக்கும். மழை ரோட்டுல வால் பக்கம் வெட்டிப் போகும். பாதி இழுத்து, வேகம் குறையக் குறைய முழுசா இழுக்கணும். ஒரு கை ஸ்டியரிங்கை நேராப் பிடிச்சிருக்கணும். அந்த வால்வு எங்க இருக்குங்கிறது வண்டிக்கு வண்டி மாறும். சிலதுல டேஷ்போர்டுல, சிலதுல டிரைவரோட வலது கை ஜன்னல் பக்கம். டிப்போவுல வண்டி எடுக்கும் முன்னாடியே கண்டக்டர் பாத்து வெச்சிக்கணும். பழைய வண்டியில எஞ்சினை நிறுத்த இழுக்கிற குமிழ் தனியா இருக்கும், அதையும்.

டிரைவர்களுக்கு: நெஞ்சுல பாரம், தாடை வலி, இடது கை கனம், குளிர்ந்த வேர்வை, இதுல ஒண்ணு வந்தாலே அடுத்த ஸ்டாப்பு வரைக்கும் ஓட்டிரலாம்னு நினைக்காதீங்க. கேஸ் டிரபிள்னு சோடா குடிச்சுட்டு ஓட்டுறதும் வேண்டாம். வண்டி நின்ன பிறகு அது கேஸ்னு தெரிஞ்சா பத்து நிமிஷம்தான் நஷ்டம். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாம மூச்சுத்திணறலா மட்டும் அட்டாக் வரும், அதையும் மனசுல வைங்க.

#13 கியர்பெட்டி

கார்ல பக்கத்து சீட்ல இருக்கவங்க என்ன செய்யணும்னு வரிசையாச் சொல்லுதேன். பைய வாசிங்க, ஒரு தடவை நின்ன வண்டியில செஞ்சும் பாத்துருங்க.

உங்க பெல்ட்டைக் கழட்டாதீங்க. உடம்பை வலப்பக்கம் திருப்பி இடது கையால ஸ்டியரிங்கப் பிடிங்க, வலது கைய கியர், ஹேண்ட் பிரேக்குக்கு வைங்க. ஓட்டுதவர் ஸ்டியரிங் மேல சாய்ஞ்சிருந்தா முதல்ல அவர் நெஞ்சுல கைய வச்சு சீட்டோட தள்ளணும். கத்தி எழுப்பிட்டே நேரத்தைப் போக்காதீங்க. அவசர விளக்குப் பொத்தான் நடு டேஷ்போர்டுல சிவப்பு முக்கோணம், அழுத்துங்க.

அடுத்தது கால். அவர் கால் ஆக்சிலேட்டர விட்டு நழுவிட்டுன்னா வண்டிய கியர்லயே விடுங்க, எஞ்சினே வேகத்தை இழுத்துப் பிடிக்கும். நீங்க ஹேண்ட் பிரேக்க மட்டும் பாருங்க. கால் ஆக்சிலேட்டர்ல அழுந்திக் கிடந்தா வலது முழங்கால் பக்கத்துத் துணிய, பேண்டோ வேட்டியோ, கொத்தாப் பிடிச்சு உங்க பக்கம் இழுங்க. கூடவே நியூட்ரல். ஆட்டோமேட்டிக்னா டி-யில இருந்து என்-னுக்கு லீவரத் தள்ளினாப் போதும், பெரும்பாலான வண்டியில பொத்தான் அழுத்த வேண்டாம். கியர் வண்டியில கிளட்ச் இல்லாம லீவர் இறுகிப் பிடிக்கும், அது கியர்ப் பல்லு மேல இழுவை இருக்கதால. விடாம நியூட்ரல் பக்கமே இழுத்துப் பிடிச்சிருங்க. கால் கொஞ்சம் தளர்ந்த நொடியில தானா வந்துரும். நியூட்ரல்ல எஞ்சின் அலறும், அலறட்டும், புது வண்டியில ஒரு அளவுக்கு மேல அதுவே வெட்டிக்கும்.

ஹேண்ட் பிரேக்கோட முனைப் பொத்தான அழுத்திப் பிடிச்சபடியே பைய பையத் தூக்கணும். பொத்தான விட்டுட்டா பல்லுல மாட்டி அப்படியே நின்னுக்கும், பின் சக்கரம் இழுபட ஆரம்பிச்சா தளர்த்த முடியாது. வண்டி வால் ஆடுனா ரெண்டு சொடக்கு இறக்குங்க.

சாவிய நிறுத்துதது கடைசி. நிறைய கார்ல சாவி ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் இருக்கும், எட்டவே எட்டாது. எட்டினாலும் ஒரு கட்டம் மட்டும் பின்னால திருப்பணும். உருவிட்டா ஸ்டியரிங் பூட்டிக்கும். பொத்தான் ஸ்டார்ட் வண்டினா மூணு நொடி விடாம அழுத்தணும். எஞ்சின் நின்னா ஸ்டியரிங் கல்லு மாதிரி கனக்கும், அதுக்குத் தயாரா இருங்க.

எங்க விடணும்? இடது ஓரம். நாலுவழிச்சாலையில நடுவுல அரளிச் செடி இருக்கு, மெத்துன்னு இருக்கும்னு அந்தப் பக்கம் திருப்பாதீங்க, அதுக்கு அங்கிட்டு எதிர் வண்டி. இடது ஓரத்துல லாரி நிக்கான்னு பாத்துக்கிடணும். பாவூர்சத்திரம், ஆலங்குளம் மாதிரி ஊருக்குள்ள கடை முன்னாடி ஆள் இருக்கும், அங்க வேகத்தை முழுசா இறக்கின பொறவுதான் ஓரம். பாபநாசம், மணிமுத்தாறு மலை ரோட்டுல இறக்கத்துல நியூட்ரல் போட்டா வண்டி இன்னும் வேகம் எடுக்கும். அங்க கியர்ல வச்சே ஹேண்ட் பிரேக்கு, மலைச்சுவர் பக்கம் உரசி நிறுத்துதது பரவாயில்ல.

#14 ஹைகிரவுண்ட்

நின்ன பிறகு: 108. நாலுவழிச்சாலைன்னா 1033-உம் உண்டு. மூச்சு இருக்கான்னு பாருங்க. இல்லன்னா, இல்ல மீன் மாதிரி எப்பவோ ஒரு தடவை வாயைத் திறந்து மூடினா, அது மூச்சு இல்ல. சீட்டுல வெச்சு நெஞ்சை அமுக்கிப் பிரயோஜனம் இல்ல, சீட் உள்வாங்கிக்கும். அக்குளுக்குள்ள ரெண்டு கையையும் விட்டு பின்பக்கமா இழுத்துத் தரையில மல்லாக்கப் படுக்க வைங்க. நெஞ்சு நடு எலும்புல 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. ஆளு மாத்தி மாத்தி, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும்.

நினைவோட இருந்து நெஞ்சு வலிக்குதுன்னா, ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவருக்கு 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்னு முழுங்கச் சொல்லலாம். வாய் கோணல், கை தொய்வு, பேச்சுக் குழறல் இருந்தா ஆஸ்பிரின் கொடுக்காதீங்க, அது மூளையில ரத்தக்கசிவாவும் இருக்கலாம். எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு குறிச்சுக்கிடுங்க. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. நெஞ்சு வலி வந்தவர் கிராமத்துப் பக்கம் இருந்தா ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தாண்டிப் போகாதீங்க. 2023-ல் தொடங்கின இதயம் காப்போம் திட்டத்துல மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை அங்கேயே கொடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறாங்க.

உதவி பண்ணா போலீஸ் அலைய விடுமோன்னு தயங்க வேண்டாம். உதவினவரைப் பாதுகாக்க 134ஏ பிரிவு இருக்கு. பேர், முகவரி கொடுக்கணும்னு கட்டாயம் கிடையாது.

#15 வி.கே.புரத்தான்

எல்லாம் சரி. வீட்டுல 75 வயசுல ஒருத்தர் ஓட்டுதாக. சாவியை வாங்கி வெச்சுரலாமா வேண்டாமா? அதைச் சொல்லுங்க.

#16 ஹைகிரவுண்ட்

வயசைக் காரணம் காட்டிச் சாவியை வாங்காதீங்க. வாங்கிடுவாங்கன்னு தெரிஞ்சதும் அவர் முதல்ல செய்யுறது தலைசுற்றலை மறைக்கிறதுதான். பாத்ரூம்ல விழுந்ததை யார்கிட்டயும் சொல்ல மாட்டார். நமக்கு அவசியமா வேணும்கிற தகவல் அதுதான்.

பாக்க வேண்டியது: வண்டியில புதுசு புதுசா கீறல் வருதா, அதுவும் ஒரே பக்கமா? வண்ணார்பேட்டையில இருந்து சமாதானபுரம் போறதுக்கு, வருசக்கணக்காப் போற வழியில, குழம்பிப் போறாரா? பின்னாடி வண்டிக்காரங்க அடிக்கடி ஹாரன் அடிக்கிறாங்களா? ஒரே ஒரு தடவை பெடல் மாறிச்சா? மாத்திரை புதுசா சேர்த்தாங்களா, தூக்க மாத்திரை, சளி மாத்திரை உட்பட? இதுல எதுவும் இல்லன்னா கட்டுப்பாடு போதும். பகல் மட்டும், சாப்பிட்டுட்டு, தெரிஞ்ச ரோடு. நாலுவழிச்சாலையும் ராத்திரியும் வேண்டாம். குற்றால சீசன் ஞாயித்துக்கிழமையும் ஆனித் தேரோட்டத்தன்னைக்கு டவுன் பக்கமும் வேண்டாம். வழி தவறுறதும் பெடல் மாறுறதும் இருந்தா அன்னைக்கே நிறுத்தி, நினைவாற்றல் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போங்க. உட்கார்ந்தே மயங்கினார்னா நான் முன்னாடி சொன்னதுதான், அங்க பேச்சே இல்ல.

இதே கேள்விகளை வீட்டுல 45 வயசுல இன்சுலின் போட்டுக்கிட்டு டாக்ஸி ஓட்டுறவர்கிட்டயும் கேளுங்க. அவர்கிட்ட யாரும் கேக்கிறதில்ல.

#17 ரதவீதி

கியர்பெட்டி அண்ணாச்சி, இப்ப வர்ற கார்ல ஹேண்ட் பிரேக் கம்பியே இல்ல, சின்னப் பொத்தான்தான். அதை ஓடும்போது இழுத்தா சக்கரம் பூட்டிக்காதா?

#18 கியர்பெட்டி

பூட்டாது. ஒரு தட்டு தட்டிட்டு விட்டா ஓடும்போது அது கண்டுக்கிடாது. விடாம இழுத்துப் பிடிச்சிருந்தா நாலு சக்கரத்துக்கும் அளவா பிரேக்கு கொடுத்து நிறுத்தும், கைய எடுத்தா பிரேக்கும் விட்டுரும். அதனால வண்டி முழுசா நிக்கிற வரைக்கும் பொத்தான்ல இருந்து விரலை எடுக்காதீங்க. உங்க வண்டியில மேல இழுக்கதா, கீழ அழுத்துததான்னு வண்டியோட வர்ற புத்தகத்துல போட்டிருக்கும், இன்னைக்கே பாத்துருங்க.